எட்டாம் எண்ணில் வந்து உட்கார்ந்த வீடு

தாம்பரத்துக்குத் தெற்கே, மின்சார ரயில் நின்று போகிற ஓர் ஊரில், பவளமல்லி அடுக்ககம் என்ற மூன்று மாடிக் கட்டடத்தில், வங்கிக்காரர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போன இருபத்திரண்டாம் எண் வீடு, புதன்கிழமை விடிந்தபோது மூன்றாவது மாடியில் இல்லை. முதல் மாடியில் ஏழாம் எண்ணுக்கும் ஒன்பதாம் எண்ணுக்கும் நடுவே, முந்தின நாள் வரை வெறும் சுவராக இருந்த இடத்தில், கதவில் ஒட்டிய நோட்டீஸோடும், வாசல் மிதியடியோடும், நிலைக்கு மேல் மாட்டிய சின்னச் சிலுவையோடும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த நான்கு பேரோடும் வந்து உட்கார்ந்திருந்தது. முதலில் பார்த்தவர் பால்காரர். அந்த வீட்டுப் பை முதல் மாடியிலேயே தொங்குவதைக் கண்டு, இரண்டு மாடி ஏறுவது மிச்சம் என்று சந்தோஷப்பட்டு, பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுத் தரகர் பூங்கோதைக்கு ஏழு மணிக்குப் போன் வந்தது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஐம்பத்திரண்டு வயது, அந்த ஊரில் எந்தத் தெருவில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கையில் பேப்பர் இல்லாமல் சொல்லக் கூடியவள், எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். வாடகைக்கு வந்தவர் காலி செய்தால் கவலை, செய்யாவிட்டால் கவலை, மழை வந்தால் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று கவலை, வராவிட்டால் எந்த ஆழ்துளைக் கிணறு வற்றும் என்று கவலை. அந்த இருபத்திரண்டாம் எண்ணை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஞானதுரைக்கும் எஸ்தருக்கும் முடித்துக் கொடுத்தவளும் அவள்தான். அதனால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"என்ன எஸ்தரு இது?" என்றாள், மூச்சு வாங்க.

"தெரியலக்கா. காலைல ஜன்னலைத் தெறந்தா முருங்கை மரம் கைக்கெட்டுது. மேல இருந்தப்ப அது உச்சி மட்டும்தான் தெரியும்" என்றாள் எஸ்தர். "காபி குடிக்கிறீங்களா?"

மேலே போய்ப் பார்த்தாள் பூங்கோதை. இருபத்தொன்றும் இருபத்துமூன்றும் தோளோடு தோள் ஒட்டி நின்றன. நடுவில் ஒரு வீடு இருந்ததற்கான விரிசல்கூட இல்லை. கீழே ஏழும் ஒன்பதும், பேருந்தில் ஆள் வந்தால் நகர்ந்து இடம் கொடுப்பவர்களைப் போல, ஆளுக்கு அரை அடி நகர்ந்திருந்தன.

அந்தக் கட்டடத்தில் எட்டாம் எண் இல்லாததற்கும் அவள்தான் காரணம். கட்டி முடிக்கிற சமயத்தில் கட்டுநர் அவளைக் கூப்பிட்டு யோசனை கேட்டபோது, "எட்டு போட்டா யாரும் வாங்க மாட்டாங்க சார், கூட்டினா எட்டு வர்ற நம்பரும் போடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அப்படியே எட்டையும் பதினேழையும் இருபத்தாறையும் தாண்டி எழுதினார்கள். இருபத்துநான்கு வீட்டுக்குக் கடைசிக் கதவில் இருபத்தேழு என்று வந்தது. மாடிக்கு ஒன்றாக, ஒருத்தருக்கும் வேண்டாத மூன்று இடங்கள் அந்தக் கட்டடத்துக்குள் இத்தனை வருஷமும் காலியாக இருந்திருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

ஞானதுரை இரு சக்கர வாகனத்துக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் கடைசல் வேலை பார்த்தவர். கம்பெனி மூடிய பிறகு வாடகைக் கார் ஓட்டினார். காரின் தவணையும் வீட்டின் தவணையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்ததில் வீடுதான் பின்னால் விழுந்தது. எஸ்தர் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். பெரியவள் ஜெமிக்குப் பதினான்கு, சின்னவள் ரூபிக்கு ஒன்பது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அந்த நான்கு பேரும் ஒருசேர வீட்டை விட்டு வெளியே போனதே கிடையாது. ஆளில்லாத வீட்டில் வங்கிக்காரர்கள் வந்து பூட்டுப் போட்டு அரக்கு வைத்துவிடுவார்கள் என்று அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் கோயிலுக்கு மூன்று பேர் போனால் ஒருவர் வீட்டில் ஜெபம் செய்தார். கல்யாணத்துக்கு இரண்டு பேர் போய் இரண்டு பேருக்குப் பொட்டலம் கட்டி வந்தார்கள். ஞானதுரையின் அண்ணன் இறந்தபோதுகூட அவர் மட்டும் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் வங்கி அலுவலர் கதிரேசன் பத்திரிகை விளம்பரத்தோடு வந்தார். ஒல்லியான மனிதர், தோளில் எப்போதும் ஒரு ரெக்ஸின் பை. விளம்பரத்தில் சொத்தின் நான்கு எல்லைகளும் போட்டிருந்தன: வடக்கே இருபத்தொன்றாம் எண் வீடு, தெற்கே இருபத்துமூன்றாம் எண் வீடு, கிழக்கே நடைபாதை, மேற்கே வெட்டவெளி. கடைசியில், ஏல விளம்பரம் எல்லாவற்றிலும் போடுகிற மாதிரி, சொத்து எங்குள்ளதோ அங்கேயே, எப்படி உள்ளதோ அப்படியே விற்கப்படும் என்றும் போட்டிருந்தது. கதிரேசன் முதல் மாடியில் நின்று அதை இரண்டு முறை படித்தார்.

"எல்லை ஒத்து வரலையே மேடம்."

"வராது சார். வீடு இங்க வந்துடுச்சு" என்றாள் பூங்கோதை.

"எல்லை ஒத்து வரலேன்னா ஏலம் செல்லாது. திரும்ப விளம்பரம் குடுக்கணும்." அவர் ஆச்சரியப்படவில்லை. ஏரியில் பாதி கிடக்கிற மனையையும், தாத்தா மட்டுமே கையெழுத்துப் போட்டு நான்கு பேருக்கு விற்ற வீட்டையும், கிணற்றைக் கூடமென்று காட்டிக் கடன் வாங்கிய பங்களாவையும் பார்த்தவர் அவர். புதிய எல்லைகளை எழுதிக்கொண்டு போனார். அது அச்சாகி வருவதற்குள் வீடு இரண்டாம் மாடியில் பதினேழாம் எண்ணில் போய் உட்கார்ந்தது. அதற்கு எழுதினால் மூன்றாம் மாடியில் இருபத்தாறுக்குப் போனது. ஒவ்வொரு ஏலம் வீணாகும்போதும் வங்கி அடிப்படை விலையைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தது. மூன்று ஏலம், மூன்று குறைப்பு.

அடுக்ககம் அதற்குப் பழகிக்கொண்ட விதம்தான் பூங்கோதைக்கு அதிசயமாக இருந்தது. காவல்காரர் காலையில் எஸ்தரைப் பார்த்தால் "இன்னிக்கு எந்த மாடிம்மா?" என்று கேட்டு, கரும்பலகையில் எழுதி வைத்தார், கூரியர்காரர்களுக்காக. எரிவாயு உருளை கொண்டுவருகிறவர் கீழே இருந்தே "எட்டா, பதினேழா, இருபத்தாறா?" என்று கத்தினார். மேல்மாடிக்குப் போன வாரத்தில் எஸ்தர் வடாம் போட்டாள். முதல் மாடிக்கு வந்த வாரத்தில் முழங்கால் வலிக்கிற பெண்கள் ரவிக்கை அளவு கொடுக்க வந்தார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டார், ஜெமி கணக்கு சொல்லிக் கொடுப்பாள் என்பதற்காக, தங்கள் மாடிக்கு வீடு எப்போது வரும் என்று கேட்டு வைத்தார்கள். மின்சார மீட்டர் மட்டும் எங்கே போனாலும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் மின்வாரியத்துக்குக் குறை ஒன்றும் இல்லை.

குறை வேறு பக்கத்திலிருந்து வந்தது. புறவழிச்சாலையோரம் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் வைத்து வரிசை வீடுகள் கட்டி விற்க ஆரம்பித்த பிறகு, பவளமல்லி மாதிரிப் பழைய அடுக்ககங்களுக்கு ஏற்கெனவே கிராக்கி குறைந்திருந்தது. அதோடு ஏல விளம்பரமும் சேர்ந்தது. ஐயாயிரத்துக்குக் குறையாமல் போன சதுர அடியை, "உங்க கட்டடத்துலயே பேங்க்காரன் மூவாயிரத்து அறுநூறுக்குக் கூவறானாமே" என்று கேட்டுப் பேரம் பேசினார்கள். ஒரு வீடு விழுந்தால் இருபத்துமூன்று வீட்டுக்கும் விலை விழுகிறது. சங்கத்தைக் கூட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை, கீழே வண்டி நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு.

பூங்கோதையையும் கூப்பிட்டிருந்தார்கள். எஸ்தர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஞானதுரை வீட்டில் இருந்தார்.

"அந்த வீடு எட்டுக்கு வந்தப்போ என் பீரோக் கதவு முழுசாத் தெறக்கலை" என்று ஆரம்பித்தார் ஏழாம் எண் சேஷகிரி. ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், இப்போது சங்கச் செயலாளர், எதையும் புகார் மாதிரிதான் பேசுவார். "அரை அடி போச்சு. அரை அடின்னா இன்னிய விலைக்கு என்ன ஆச்சுன்னு இந்தம்மாவைக் கேளுங்கோ."

பூங்கோதை தன் நாற்காலியை எஸ்தர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். 

"அப்ப போகச் சொல்லுங்க சார்" என்றார் யாரோ. "பேங்க் பாத்துக்கட்டும். ஏலம் முடிஞ்சாதான் நம்ம விலை நிமிரும்."

சேஷகிரி அந்தப் பக்கம் திரும்பினார். "நான் அதைச் சொல்லலையே. மூணு பேர் சீட்ல நாலாவது ஆள் வந்து நின்னா நீர் என்ன பண்ணுவீர்?"

"டிக்கெட் இருக்கான்னு நீங்கதானே சார் கேப்பீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். சேஷகிரியும் சிரித்துவிட்டார். "கேப்பேன். இல்லேன்னா ஃபைன் போடுவேன். ஆனா நடு ராத்திரில, காட்டுல, கைக்குழந்தையோட ஒருத்தரையும் நான் எறக்கி விட்டதில்ல. பீரோவைத் திருப்பிப் போட்டுக்கறேன், விடுங்கோ."

ஒன்பதாம் எண் ரெஹானா எழுந்தாள். பள்ளி ஆசிரியை, பேச்சு எப்போதும் சுருக்கம். "என் பக்கமும் அரை அடி எடுத்துக்கட்டும். கொடி மட்டும் என்னோடது. எஸ்தர் அதுல துணி போடக் கூடாது."

"போட மாட்டேன் டீச்சர்" என்றாள் எஸ்தர் பின்னாலிருந்து.

கூட்டம் அவ்வளவுதான். தீர்மானம் என்று ஒன்றும் எழுதவில்லை. பூங்கோதை இருபத்தைந்து வருஷமாக மனிதர்களை வீட்டு விஷயத்தில் பார்த்தவள். அரை அடிச் சந்துக்காக அண்ணன் தம்பி நீதிமன்றத்தில் தலை நரைத்ததைப் பார்த்தவள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தபடி, ஸ்கூட்டியைக் கிளப்பத் தோன்றாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

நான்காவது தடவை வீடு மறுபடி எட்டுக்கு வந்தது. வந்ததும் அசையவில்லை. வாரம் ஒன்று, இரண்டு, மூன்று ஆயிற்று. கதிரேசன் அவசரமாக எல்லைகளை எழுதினார், விளம்பரம் வந்தது, இந்த முறை வடக்கே ஏழு, தெற்கே ஒன்பது, எல்லாம் ஒத்து வந்தது. ஆனால் ஏலம் கேட்க ஆள் வரவில்லை. குறைந்த விலைக்குக் கிடைக்கிற வீடு என்று ஓடி வந்தவர்கள் எண்ணைப் பார்த்ததும் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். மனைவியோடு வந்தவர்கள் ஜோசியரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

கதிரேசன் பூங்கோதையிடம் வந்தார். "ஒரே ஒரு ஆள் கொண்டு வாங்க மேடம். இந்த ஃபைலை மூடலேன்னா என்னைக் கும்மிடிப்பூண்டிக்கு மாத்திடுவாங்க. ரெண்டு பக்கக் கமிஷனும் நான் வாங்கித் தரேன்."

அவள் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கொண்டு வராவிட்டால் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கத்துத் தரகன் எவனையாவது கொண்டு வருவான், அவன் எஸ்தரிடம் மரியாதையாகப் பேச மாட்டான் என்று கவலைப்பட்டாள். கவலைப்பட்டுக் கவலைப்பட்டு, கடைசியில் ஆள் தேடினாள். கிடைத்தும்விட்டார். துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த சபாபதி. பிறந்தது இருபத்தாறாம் தேதி, கார் எண் கூட்டினால் எட்டு, கைப்பேசி எண் கூட்டினால் எட்டு. "எனக்கு எட்டுதாம்மா ராசி" என்றார். "ஊரெல்லாம் பயந்து ஓடுற நம்பர் எனக்கு மலிவா வருது."



பார்வையிடும் நாளில் கதிரேசன், சபாபதி, பூங்கோதை மூன்று பேரும் எட்டாம் எண்ணுக்குள் போனார்கள். எஸ்தர் நாற்காலி போட்டாள், டீ கொடுத்தாள், சமையலறைக் குழாயில் சொட்டு ஒழுகுவதைக்கூட மறைக்காமல் சொன்னாள். சபாபதி நல்ல மனிதர்தான். எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார், தண்ணீர் திறந்து பார்த்தார். பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து, அதன் கொக்கியை வாசலுக்கு வெளியே நடைபாதைத் தூணில் மாட்டினார்.

"ஆள் நடமாட்டத்துல அளந்தா சரியா வராது. பத்து நிமிஷம் வீட்டுக்காரங்க மட்டும் கீழ போய் நிக்கிறீங்களா?"

எஸ்தரும் ஞானதுரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு ஆள் உள்ள இருக்கட்டுங்களே" என்றார் ஞானதுரை.

"நான் பூட்ட மாட்டேன் சார்" என்று கதிரேசன் ரெக்ஸின் பையை வாய் திறந்து கவிழ்த்தே காட்டினார். காகிதங்கள், ஒரு தயிர்சாத டப்பா. "பூட்டே கொண்டாரல, பாருங்க."

பதினொரு மாதத்தில் முதல் தடவையாக நான்கு பேரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள். ஞானதுரை முன்னால், எஸ்தர் பின்னால், ஜெமி, கடைசியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ரூபி. பூங்கோதை ஜன்னலில் நின்று பார்த்தாள். ரூபி வாசல் கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும், ரயில் விசில் இல்லாமல் கிளம்புகிற மாதிரி, காலடியில் தரை மெல்ல இழுத்தது. முருங்கை மரம் பின்னால் போயிற்று. சபாபதியின் கையிலிருந்த டேப் கிர்ரென்று ஓடி, முடியும் வரை ஓடி, பிடுங்கிக்கொண்டு வெளியே விழுந்தது. வீடு கேட்டைத் தாண்டி, காவல்காரர் ஒதுங்கி வழிவிட, தெருமுனை டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்த நான்கு பேருக்குப் பின்னால் வந்து, ஒரு நாய்க்குட்டி போல நின்றது. டம்ளரில் மிச்சமிருந்த டீ தளும்பவும் இல்லை.

சபாபதி கதவைத் திறந்து தெருவில் இறங்கினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு பேரையும் பார்த்தார், வீட்டைப் பார்த்தார்.

"இதை நான் வாங்கினா, பத்திரம் என்கிட்ட இருக்கும். வீடு இவங்க பின்னாடி போயிடும். நான் எங்கம்மா படுக்கறது?" என்றார், பின்னாலேயே இறங்கி வந்த பூங்கோதையிடம். பிறகு டீக்கடைக்காரரிடம் திரும்பி, "ஏழு டீ போடுங்க" என்றார்.

கதிரேசன் வாசற்படியிலேயே உட்கார்ந்து விளம்பரத்தின் கடைசி வரியைத் தடவிக்கொண்டிருந்தார். எங்குள்ளதோ அங்கேயே. "அந்த வார்த்தை இந்த வீட்டுக்குப் பொருந்தாது மேடம்" என்றார், தனக்குத் தானே சொல்வது போல. "வட்டியைத் தள்ளி, அசலைத் தவணையா வாங்கிக்க வழி இருக்கு. நானே எழுதி மேல அனுப்பறேன். ஆனா கையெழுத்து மேலாளரோடது. அவங்க மனசு வைக்கணும்."

"நாலு தடவை போயிட்டேன் சார்" என்றார் ஞானதுரை. "பெஞ்சுல உக்காந்துட்டு வந்ததுதான். நாளைக்கு வா, நாளைக்கு வான்னு."

"நீ மட்டும்தானே போன?" என்றாள் பூங்கோதை.   "யாரையும் வீட்டுல விட்டுட்டுப் போகாத துரை. திங்கக்கிழமை நாலு பேரும் போங்க. நானும் வரேன்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர்கள் ஐந்து பேரும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். வீடு பின்னால் வந்தது. கடைக்காரர்கள் வாசல் சாக்குப்படுதாவைச் சுருட்டிக்கொண்டார்கள். பூக்காரி கூடையை இழுத்து வைத்துக்கொண்டு "பாத்துப் போ தாயி" என்றாள். ரயில்வே கேட் மூடியிருந்தபோது எல்லா வண்டிகளோடும் காத்து நின்றது. சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் இரண்டு பேருந்தை நிறுத்தி அதற்குக் கை காட்டினார். வங்கி வாசலுக்கு வந்து, வண்டி நிறுத்துகிற இடத்தில் இரண்டு காருக்கான இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே எஸ்தர் கிளம்பும்போது ஏற்றி வைத்த குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

மேலாளர் கண்ணாடிக் கதவு வழியே பார்த்தார். கண்டிப்பான அம்மாள், யார் பேச்சையும் பாதிக்கு மேல் கேட்க மாட்டார் என்று பெயர்.

"வெளிய நிக்கிறது யாரோட வீடு?"

"எங்களோடதுங்க மேடம்" என்றார் ஞானதுரை.

"உங்களோடதா? ஒன்றரை வருஷமா கட்டாம இருந்தா அது பேங்க்கோடது."

வரிசையில் நின்றவர்கள், பணம் எண்ணுகிறவர், நகையை எடை போடுகிறவர், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஞானதுரை தலை குனிந்தார். 

எஸ்தர்தான் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. "பேப்பர்ல உங்களோடதுதான் மேடம். நாங்க இல்லேன்னு சொல்லல, வாங்கின காசைக் கட்டாம ஓடவும் இல்ல. உங்க வீடுதானே, கூப்பிட்டுப் பாருங்க. வந்துச்சுன்னா நாங்க நாலு பேரும் இப்படியே போயிடறோம்."

மேலாளர் எழுந்தார். உண்மையாகவே எழுந்து, கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு, படியில் போய் நின்றார். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். கடன் கணக்கு எண்ணைச் சொன்னார். வீடு அசையவில்லை. ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்த ஒரு சீருடைப் பாவாடை மட்டும் காற்றில் ஆடியது. மறுபடி ஒரு தடவை, இன்னும் கொஞ்சம் சத்தமாக, எண்ணைச் சொன்னார். ரூபி அதற்குள் தண்ணீர் குடிப்பதற்காக வங்கியின் உள்பக்கக் குழாயை நோக்கி நடந்தாள். மற்ற மூன்று பேரும் "ஏய், எங்க போற" என்று அவள் பின்னால் நாலு அடி எடுத்து வைத்தார்கள். வீடு நாலு அடி நகர்ந்து அவர்கள் பக்கம் வந்தது.

மேலாளர் உள்ளே வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கதிரேசன் எழுதியனுப்பிய தாளை ஃபைலின் அடியிலிருந்து உருவி, ஒரு வரி விடாமல் படித்தார். "ஆறு வருஷம்" என்றார். "ஒரு மாசம் தவறக் கூடாது."

"தவறாது மேடம்."

கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "சீக்கிரம் எடுங்க அதை. வாடிக்கையாளர் வண்டியெல்லாம் ரோட்டுல நிக்குது" என்றார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று பூங்கோதை பிறகு பலரிடம் சொல்லப் பார்த்தாள். சரியாகச் சொல்ல வரவில்லை.

வெளியே வந்தார்கள். வெயில் ஏறிவிட்டது. ஞானதுரை தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். பூங்கோதை மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு மணிக்கு ஒருவருக்கு வரிசை வீடு காட்ட வேண்டும், பேருந்து கிடைக்குமா, கிடைத்தாலும் உட்கார இடம் இருக்குமா என்று கவலைப்பட்டபடி நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

பின்னால் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் ஏற்கெனவே ஜன்னலில் இருந்தார்கள். குக்கரின் பருப்பு வாசம் தெரு வரைக்கும் வந்தது. எஸ்தர் வாசற்படியில் நின்று, ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நீட்டினாள்.

"எதுக்குக்கா பஸ்ஸு? ஏறிக்கங்க, வீட்டுக்குத்தான் போறோம்."